புள்ளிகள் மறைந்த பிறகு

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. எடை அளவுச் சோதனை அலுவலகத்தில் என் சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. மற்றபடி எல்லோருக்கும் நான் "அரைக் கிராம்"தான். கடைத்தராசு அரைக் கிராம் விலகினாலும் முத்திரை வைக்க மறுப்பவன் என்பதால் வந்த பெயர். வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். நான் அதை நற்சான்றாக எடுத்துக்கொண்டேன். இக்கடிதத்தின் நோக்கம் இரண்டு. நீங்கள் வாங்கிக் கொடுத்து, என் மகள் வாளியில் சுமந்துவந்த இரண்டு கருப்பு மோலி மீன்களின் உடல்நிலையைத் தெரிவிப்பது ஒன்று. தொலைபேசியில் உங்கள் அத்தை உங்களுக்குச் சொன்ன ஒரு செய்தியைத் திருத்துவது மற்றொன்று. இரண்டாவதை விளக்க முதலாவது தேவைப்படுகிறது. ஆகவே பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

இதைத் தொலைபேசியிலேயே சொல்லக்கூடாதா என்று உங்கள் அத்தை கேட்டாள். தொலைபேசியில் பேசினால் நான் தொண்டையைச் செருமுவேன், நீங்கள் "சரிங்க மாமா" என்பீர்கள், அதோடு அழைப்பு முடிந்துவிடும். நம் இருவருக்குமிடையே இதுவரை நடந்த உரையாடல்கள் அனைத்தும் அவ்வாறே முடிந்திருக்கின்றன.

நாங்கள் இங்கு நலம். நீங்கள் புதிய வேலையில் சேர்ந்துவிட்டதை அறிந்து மகிழ்ந்தோம். வரைபடம் வரையும் கைக்கு வேலை கிடைக்காமல் போகாது என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். உங்களிடம் அல்ல, அத்தையிடம்.

இனி மீன்கள். என் மகள் திருமணமாகிச் சென்ற பிறகு, கூடத்தில் அவள் படிப்பு மேசை இருந்த இடம் வெறிச்சென்று கிடந்தது. அங்கே ஒரு கண்ணாடித் தொட்டி வைத்துத் தங்கமீன்கள் வளர்த்துவருகிறேன். அவற்றில் பருத்ததும் மூத்ததுமான ஒன்றுக்கு அத்தை "மேனேஜர்" என்று பெயரிட்டிருக்கிறாள். தீனி போடும் நேரத்தில் மட்டும் மேலே வந்து, மற்ற நேரமெல்லாம் மூலையில் நின்று முறைப்பதால் அந்தப் பதவி. புதிதாக எந்த மீன் வந்தாலும் அதைத் தனித் தொட்டியில் மூன்று வாரமாவது வைத்துப் பார்த்த பின்னரே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும் என்பது விதி. இவ்விதியை நான் ஒருமுறையும் மீறியதில்லை, என் மகள் வந்த நாள் தவிர.

அன்று மாலை கதவைத் திறந்தபோது, தோளில் ஒரு பையும் கையில் மூடிபோட்ட வாளியுமாக அவள் நின்றாள். பேருந்துப் பயணம் முழுவதும் அந்த வாளியை மடியிலேயே வைத்திருந்ததாகப் பிறகு சொன்னாள். முகம் வீங்கியிருந்தது. என்ன என்று கேட்க வேண்டும் என எனக்குத் தெரிந்தது. எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. எனவே வாளியை வாங்கிக்கொண்டேன். "பாவம், மீனுக்கு மூச்சு முட்டும்" என்று சொல்லியபடி நேரே தொட்டிக்குச் சென்று, கடைத்தண்ணீரும் மீனுமாக அப்படியே கொட்டிவிட்டேன். கொட்டி முடிக்கும்வரை திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அதற்குள் அத்தை வந்து அவளை உள்ளே அழைத்துச் சென்றுவிட்டாள்.

சில நாட்களில் மோலிகளின் கருப்பு உடம்பில் உப்பைத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் தோன்றின. துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு சரளையில் உடம்பைத் தேய்த்தன. அடுத்து தங்கமீன்களும் தேய்க்கத் தொடங்கின. வெண்புள்ளி நோய், கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணியால் வருவது. என் மகள் தொட்டியருகே குனிந்து பார்த்தாள். இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாளெல்லாம் நுண்ணோக்கியோடு இருப்பவள் அல்லவா. "ஏம்ப்பா, சந்தைக்குள்ள வர்ற தராசைச் சோதிக்காம விடுவீங்களா?" என்று கேட்டாள். மாட்டேன் என்றேன். "அப்ப மீனை மட்டும் எப்படி விட்டீங்க?" என்றாள். காரணம் எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரிந்திருக்கும். இருவரும் மேனேஜரைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மருந்து வாங்கிவந்தேன். நீலப்பச்சை நிறத்தில் ஒரு திரவம். வடிகட்டியிலிருந்த கரியை எடுத்துவிட்டேன். இல்லையேல் அது மருந்தை உறிஞ்சிவிடும். தண்ணீரைச் சிறிது சிறிதாக வெதுவெதுப்பாக்கினேன். வெதுவெதுப்பான நீரில் காற்று குறையும் என்பதால் கூடுதலாக ஒரு காற்றுக்குழாய் போட்டேன். அளவுக் குவளையைக் கண்மட்டத்தில் பிடித்து மருந்தை ஊற்றினேன். கூடத்துத் தரை, இரண்டு துண்டுகள், என் சட்டைக்கை எல்லாம் நீலமாயின. "இந்த வீட்ல இன்னும் கறை படாம இருக்கிறது என் மனசு ஒண்ணுதான்" என்றாள் உங்கள் அத்தை.

புட்டியின் மேல், புள்ளிகள் மறையும்வரை மருந்தைத் தொடரவும் என்று அச்சிட்டிருந்தது. ஒரு நாள் காலை எந்த மீனிலும் ஒரு புள்ளிகூட இல்லை. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன், இல்லை. விதிப்படி மருந்தை நிறுத்தினேன், கரியைத் திரும்ப வைத்தேன். அவ்வாரம் முழுவதும் மீன்கள் சுறுசுறுப்பாக நீந்தின. அத்தை தெருவில் இருவரிடம் சொல்லி மகிழ்ந்தாள். என் மகள் மட்டும், "இன்னும் கொஞ்ச நாள் ஊத்துங்கப்பா" என்றாள். அச்சிட்டிருப்பதைச் சுட்டிக்காட்டினேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் போனாள்.

அதன் பிறகு புள்ளிகள் முன்னைவிட நெருக்கமாக வந்தன. சின்னத் தங்கமீன் ஒன்று இறந்தது. மேனேஜர் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. அந்தச் சிறிய மீனைத் தோட்டத்தில் புதைத்துவிட்டு வந்து என் மகள் அழுதாள். ஒரு மீனுக்கு உரியதைவிட அதிகமாகவே அழுதாள். அளவு பார்ப்பது என் தொழில் என்பதால் இதைச் சொல்கிறேன். பிறகு முகத்தைக் கழுவிவிட்டு வந்து எனக்கு விளக்கினாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "புள்ளி மீன் மேல தெரியிற வரைக்கும் மருந்து அதைத் தொடாதுப்பா. அது தோலுக்கு அடியில இருக்கு. மறைஞ்சா குணமாயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. கீழ விழுந்து, சரளைக்குள்ள உக்காந்து, ஒண்ணு நூறா பிரியுது. வெளிய வந்து மீனைத் தேடி நீந்தும்ல, அப்பதான் மருந்து அதைப் பிடிக்கும். நீங்க சரியா அந்த நேரம் பாத்து நிறுத்திட்டீங்க."

ஆகவே மறுபடி தொடங்கினோம். இம்முறை இருவராக. தினமும் அலுவலகம் விட்டு வந்ததும் நான் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொள்வேன்; அவள் அதன் வாயைச் சரளைக்குள் நுழைத்து அடியில் படிந்ததை உறிஞ்சவிடுவாள். எடுத்த தண்ணீருக்கு ஈடாக, முன்கூட்டியே பிடித்து வைத்து அதே வெதுவெதுப்புக்குக் கொண்டுவந்த தண்ணீரை ஊற்றுவோம். அதன் பிறகே மருந்து. குழாயில் நீர் வடியும் நேரத்தில் வேறு வேலை இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதும் இல்லை, இருவர் கண்ணும் சரளையில்தான். இந்தச் சமயங்களில்தான் அவள் பேசினாள்.

வேலை போனதை இரண்டரை மாதம் நீங்கள் அவளிடம் சொல்லவில்லை என்பதும், தினமும் காலையில் வழக்கம்போல் கிளம்பிப் போனீர்கள் என்பதும், காய்கறிக் கடையில் உங்கள் பழைய அலுவலக நண்பர் "எப்படி இருக்கார், வேற எங்கயாவது சேர்ந்துட்டாரா?" என்று கேட்டபோதுதான் அவளுக்குத் தெரிந்தது என்பதும் எனக்கு முன்பே அத்தை மூலம் தெரியும். நீங்கள் மன்னிப்புக் கேட்டதும், அவள் "சரி, விடுங்க" என்றதும், நீங்கள் இரண்டு மோலி வாங்கிவந்ததும் தெரியும். உங்களுக்கு வேறு வேலையும் கிடைத்துவிட்டது. இனிப் பிரச்சினை என்ன இருக்கிறது என்று நீங்கள் எண்ணுவது நியாயமே. நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை, குழாயைப் பிடித்தபடியே அவள் சொன்னாள்: "தினமும் சாப்பாட்டு டப்பா காலியாத்தான் வரும்ப்பா. சாப்பிட்டிருக்காரு. எங்க உக்காந்து சாப்பிட்டாருன்னுதான் தெரியல. மழை பெஞ்ச நாள்ல எங்க போய் நின்னாரு?" அவ்வளவுதான். குரலில் கோபம் இல்லை. உங்களிடமே கேட்டிருக்கலாமே என்றேன். "நான் கேட்டுச் சொன்னா அது பதிலு. அவரா சொன்னாத்தான் அது பேச்சு" என்றாள். வாளி நிறைந்துவிட்டதா என்று பார்த்தேன். நிறைந்து தரையில் வழிந்துகொண்டிருந்தது.

இப்போது இரண்டாவது நோக்கத்துக்கு வருகிறேன். அடுத்த நாளே நீங்கள் அழைத்தபோது அத்தை, "அவ நல்லா சிரிச்சுப் பேசுறாப்பா, கோவமெல்லாம் போயிடுச்சு. அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டாள். மகள் வீடு திரும்ப வேண்டும் என்ற தாயின் ஆசையில் சொன்னது. சிரித்துப் பேசுகிறாள் என்பது உண்மை. கோபம் போய்விட்டது என்பது, நான் உருப்பெருக்கி வைத்துப் பார்த்துச் சொன்னதைப் போன்ற உண்மை. உங்களை ஒட்டுண்ணியோடு ஒப்பிடுவதாக எண்ண வேண்டாம். நோயின் போக்கை மட்டுமே குறிப்பிடுகிறேன். நீங்கள் வாசலில் வண்டியை நிறுத்திவைத்து "கிளம்பலாமா?" என்று கேட்டால் அவள் கிளம்பிவிடுவாள். அதுதான் என் கவலை.

நான் பார்த்த வேறொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிரிந்துவிட நினைக்கிறவள், கணவன் வாங்கிக் கொடுத்த மீனை அத்தனை தூரம் மடியில் வைத்துச் சுமக்கமாட்டாள். மருந்தின் வாடையில் மோலி இரண்டும் தீனியைத் தொடாமல் இருந்த நாட்களில், நம் வீட்டில் இன்னொருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. இப்போது மோலிகள் சாப்பிடுகின்றன. மேனேஜரும் எழுந்து மூலையில் நின்று முறைக்கத் தொடங்கிவிட்டது. இருப்பினும் மருந்து நிறுத்தப்படவில்லை; கடைசிப் புள்ளி மறைந்த பின்னும் இரண்டு வாரம் தொடர்வது என்று முடிவு செய்திருக்கிறோம். வலை, குழாய், வாளி எதுவும் காயாமல் வேறு தொட்டிக்குப் போகாது. அடுத்து வரும் எந்த மீனும், யார் அழுதுகொண்டு நின்றாலும், முதலில் தனித் தொட்டிக்குத்தான் போகும்.

எனவே உங்களிடம் என் வேண்டுகோள் இது. ஞாயிறு அன்று அழைத்துப்போக வராதீர்கள். சனிக்கிழமையே தங்கிப்போக வாருங்கள். மாற்றுத்துணி கொண்டுவாருங்கள். பரிசு எதுவும் வேண்டாம், குறிப்பாக மீன் வேண்டாம். நானும் அத்தையும் அன்று மாலை அத்தையின் அண்ணன் வீட்டுக்குப் போகிறோம். மறுநாள் மதியம்தான் திரும்புவோம். அடிச்சரளையை உறிஞ்சுவதற்கு இரண்டு பேர் தேவை. குழாயை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். நீர் வடிய வெகு நேரம் ஆகும், இடையில் அவசரப்படக் கூடாது. அவள் எதுவும் கேட்கமாட்டாள். அந்த டப்பாவை எந்தப் பூங்காவில், எந்தப் படிக்கட்டில், யார் பக்கத்தில் உட்கார்ந்து திறந்தீர்கள் என்பதை முதல் நாளிலிருந்து நீங்களாகவே சொல்லத் தொடங்குங்கள். மழை நாட்களை விட்டுவிடாதீர்கள். சொல்லக் கூச்சமாக இருக்கும் சங்கதிதான். வாளி வழிந்தாலும் பரவாயில்லை, தரையில் ஏற்கெனவே கறைதான்.

நீங்கள் இருவரும் ஒரே கூரையின் கீழ், ஒருவருக்கொருவர் தெரிய, நெடுங்காலம் நலமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் இருவரின் ஆசி. மோலிகள் உங்கள் வீடு திரும்பும் நாளை நீங்களும் அவளும் முடிவு செய்துகொள்ளுங்கள். அதில் எனக்குக் கருத்து இல்லை.

அவள் கொண்டுவந்த வாளி பின்வாசலில் இருக்கிறது. இக்கடிதத்தை ஒட்டித் தபாலில் சேர்த்துவிட்டு வந்து, அதைத் தேய்த்துக் கழுவி, மூடியைத் தனியே எடுத்து, வெயிலில் கவிழ்த்து வைக்கப்போகிறேன்.

அன்புடன்,
உங்கள் மாமா