வலது ஓரத்து நான்கு கால்கள்

அக்டோபர் 8, புதன்

காலையில் வெயில், இரண்டு மணிக்கு மேல் தூறல். கண்டி குட்செட் பஸ் நிலையத்தில் ஆறேகால் கம்பளை பஸ். நின்றுகொண்டே பயணம். அங்கிருந்து திரீவீலில் மேலே.

இடம்: தேயிலையைப் பிடுங்கிவிட்டு மோட்டார் சைக்கிள் ரேஸுக்கு வளைவு வளைவாக மண்பாதை வெட்டிய மலைச்சரிவு. ஞாயிறு போட்டி. அதற்குள் சனம் உட்கார்ந்து பார்க்க ஐந்து பகுதி கேலரி நிற்க வேண்டும். திங்கள் கழற்றிவிடுவோம். நான் கட்டியது எதுவும் ஒரு வாரத்துக்கு மேல் நின்றதில்லை. தொழில் என்னவென்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்லிச் சிரிப்பேன்.

இறக்கியது: பைப், கிளிப் மூன்று சாக்கு, பலகை, அடித்தகடு. மறந்தது: என் குடை.

சரிவில் கட்டுவது தனி வேலை. மைதானத்தில் எல்லாக் காலும் ஒரே உயரம். இங்கே ஒவ்வொரு காலுக்கும் ஓர் அளவு.

பின்னேரம் ரபீக் வலது ஓரத்தில் குந்தி மண்ணைக் கிள்ளிப் பார்த்தான். மடவளைக்காரன், பதினொரு வருடமாக என்னோடு. தகடு வைப்பது அவன், லெவல் பார்ப்பது நான்.

"மச்சான், இந்தப் பக்கம் மண் பொதுபொதுண்டு ஈக்கி. கொஞ்சம் தோண்டிப் பாப்பமா?"

"தோட்டத்துல பொறந்தவனுக்கு நீ மண்ணப் பத்தி சொல்லித் தாறியா? வையி தகட்ட."

ஆட்கள் சிரித்தார்கள். வைத்தான்.

அக்டோபர் 9, வியாழன்

ஐந்து பகுதியும் எழும்பிவிட்டன. வழக்கம்போல வேலையாட்கள் எல்லோரும் மேலே ஏறி, ஒன்று, இரண்டு, மூன்று சொல்லி ஒரே நேரத்தில் குதித்தோம். அசையவில்லை. போட்டி நடத்துகிற மாத்தையாவிடம் 'பாதுகாப்பானது' என்ற தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நாலு மணிக்குப் பேய் மழை.

வீட்டில் சாந்தி தீபாவளித் துணியைப் பற்றி. "இந்த ஞாயிறும் வேலைன்னா புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு நானே டவுனுக்குப் போயிருவேன்." போ என்றேன். அது பதில் இல்லை என்று அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

செருப்பு அறுந்துவிட்டது.

அக்டோபர் 10, வெள்ளி

மழை விட்டிருந்தது. ஜும்மா என்பதால் ரபீக் வரவில்லை. ஆட்கள் கைப்பிடி பூட்டினார்கள். நான் தனியாகச் சுற்றி வந்தேன்.

கடைசிப் பகுதியின் வலது ஓரத்தில் முன்னிருந்து பின்வரை நான்கு கால்கள். நான்கும் இரண்டு விரல் தாழ்ந்திருந்தன. பக்கத்தில் அலவாங்குக் கம்பியை ஊன்றினேன். குத்தவே வேண்டியிருக்கவில்லை, முழங்கால் ஆழத்துக்கு இறங்கியது. கொஞ்சம் மேலே போய் ஊன்றினேன். அங்கேயும்.

கான். தேயிலைக்குள் மழைத்தண்ணீர் இறங்க வெட்டிய வாய்க்கால். நிலத்தைச் சமன் செய்தபோது மூடிவிட்டார்கள்.

செய்தது: காலுக்கு அடியில் பலகை கொடுத்தேன். ஜாக்கி வைத்து உயர்த்தினேன். லெவல் சரியாகக் காட்டியது. யாரும் கவனிக்கவில்லை. கவனித்தாலும் புரியாது.

ரபீக்குக்குப் புரியும்.

ஆசனப் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். ஐந்தாம் பகுதி: தோட்டத்து ஆட்கள், இலவசம்.

பலகை தாங்கும் என்று ஒரு மனம். இன்னொரு மழை பெய்து, எல்லோரும் ஒன்றாக எழுந்து கத்தினால்? அதைவிட, ரபீக்கிடம் அவன் சொன்னது சரி என்று சொல்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அக்டோபர் 11, சனி

காலை ஐந்தரைக்கு ரபீக்குக்குப் போன்.

"நீ சொன்னது சரிடா. வலது பக்கம் அடியில கான் ஓடுது. நேத்து பலகையக் குடுத்து மறைச்சிட்டேன்."



"ஸ்பேனர் பெட்டிய எடுத்து வை. வாறேன்."

எட்டு மணிக்குத் தொடங்கி ஐந்தாம் பகுதி முழுவதையும் கழற்றினோம். வேறு இடத்தில் நட நல்ல மண் இல்லை, நேரமும் இல்லை. பத்து மணிக்கு மாத்தையா வந்தார். கையெழுத்துத் தாளை என் முகத்துக்கு முன்னால் ஆட்டி, யார் பிழை என்று சிங்களத்தில் கத்தினார். ரபீக் "நாங்க ரெண்டு பேரும்" என்று தொடங்கினான். மண்ணைப் பார்க்க வேண்டாம் என்று சொன்னது நான் என்றேன். சிங்களத்தில் ஒரு தரம், ஆட்களுக்குக் கேட்கட்டும் என்று தமிழில் ஒரு தரம்.

அவர் தருவதாகச் சொல்லியிருந்த டிசம்பர் வேலை எங்களுக்கு இல்லையாம். போகட்டும் என்று எழுத ஆசைதான். ஆனால் கவலையாக இருக்கிறது.

திரும்பும் பஸ்ஸில் ரபீக் ரோல்ஸைப் பிய்த்துப் பாதி தந்தான். "அலவாங்கு எவ்வளவு போன?" "முழங்கால் வரைக்கும்." "ம்."

அக்டோபர் 12, ஞாயிறு

நல்ல வெயில். காது அடைக்கும் பைக் சத்தம், எங்கும் புழுதி. நான்கு பகுதியும் நிரம்பின. கீழே நின்று கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதுவும் அசையவில்லை. யார் வென்றார்கள் என்று தெரியாது.

தோட்டத்து ஆட்கள் பிள்ளைகளோடு வந்தார்கள். எல்லோருக்கும் நல்ல உடுப்பு. கயிற்றுக்குப் பின்னால் புல்லில் நிற்கச் சொன்னேன். இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண் நகரவில்லை.

"எங்களுக்குன்னு சொன்ன எடத்த மட்டும் கழட்டிட்டீங்களே, ஏன்?"

அடியில் பழைய கான், மண் தாங்காது, ஆபத்து என்று விளக்கினேன். நானும் தோட்டத்து ஆள்தான் என்று சேர்த்துக்கொண்டேன்.

"கான் இருக்கிறது எங்களுக்குத் தெரியுமே. அதுல மண்ணத் தள்ளி மூடுனதே நாங்கதான். நாலு நாளா இந்தப் பக்கமாத்தான் கொழுந்து பறிக்கப் போனோம். ஒரு வார்த்த கேட்டீங்களா?"

வியாழன் காலை அவர்கள் கூடையோடு போவதற்காகப் பைப்பைத் தோளிலிருந்து இறக்கி வழிவிட்டு நின்றேன். கேட்கவில்லை.