நான் விழுங்கிய மூன்று புள்ளி

என் அன்புக்குரிய டெல்லா அக்கா,

வெண்டிக்காய் வந்திருக்கிறது. வழக்கம்போலச் செவ்வாய்க்கிழமை, நல்ல பிஞ்சு, இரண்டு பெட்டி. அரைக் கிலோவை ஒரு பையில் போட்டுக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். யாருக்கு என்று சாந்தி கேட்பதில்லை. முப்பது வருஷக் கலியாணத்தில் என் மனைவி கேட்காமல் விட்ட ஒரே கேள்வி அதுதான்.

உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. டொச்சில், இந்தச் சுவிஸ் நாட்டு ஜெர்மனில், எழுதலாம் என்றால், என் டொச் லுசேர்ண் ஹோட்டல் அடுக்களையில் கோப்பை கழுவும்போது பொறுக்கியது. உங்களுடையது அதைவிட மோசம். அந்த உடைந்த டொச்சில்தான் பதினொரு வருஷம் கதைத்தோம். ஆனால் நீங்கள் சொன்னதெல்லாம் எனக்குள் எங்கள் யாழ்ப்பாணத் தமிழாகவே கிடக்கிறது. அதனால் தமிழில் எழுதுகிறேன். பக்கத்தில் நிற்பவர்களும் கேட்டுக்கொண்டு போகட்டும்.

லுசேர்ணுக்குப் பக்கத்தில், இந்த எம்மன்புரூக்கேயில் என் கடைக்கு நீங்கள் வந்த முதல் நாளை நான் மறக்கவில்லை. சாம்பல் நிற நீளக் கோட், சிவப்பு உதட்டுச் சாயம், எழுபது தாண்டிய வயது. நேரே மரக்கறிப் பெட்டிக்குப் போய், வெண்டிக்காயை எடுத்து நுனியை முறித்தீர்கள். ஒன்று, இரண்டு, மூன்று. வெள்ளைக்காரர்கள் இது என்ன காய் என்று கேட்பார்கள். முறித்துப் பார்க்க எங்கள் பெண்களுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

"முறிச்சால் வாங்கவேணும், அம்மா."

"முத்தினதை வித்தால் கத்துவன், முதலாளி."

சாந்தி சிரித்துவிட்டாள். அமெரிக்காவின் தெற்கில், ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில், உங்கள் தாயார் வெண்டிக்காயைச் சோளமாவில் புரட்டிப் பொரித்த கதையை அன்றைக்குத்தான் சொன்னீர்கள். ஆச்சி என்று கூப்பிடட்டுமா என்று சாந்தி கேட்டாள். பாட்டி என்று அர்த்தம் தெரிந்ததும் நீங்கள் நிமிர்ந்து நின்றீர்கள்.

"ஆச்சியோ? ஹொலிவூட்டிலை நாற்பது வயசிலையே என்னை ஆச்சியாக்கிப் போட்டாங்கள். இங்கையாவது நான் அக்கா."

உங்கள் வாழ்க்கையைத் துண்டு துண்டாக, அரிசி மூட்டைமேல் இருந்துகொண்டு சொன்னீர்கள். பத்தொன்பது வயதில் நியூயோர்க் போனது. பெரிய நடிகை ஒருத்தியின் வசனம் முழுவதையும் பாடமாக்கி, அவளுக்குக் காய்ச்சல், வருத்தம் என்று வந்தால் ஏறி நடிக்கவென்று மேடைக்குப் பின்னால் மூன்று வருஷம் காத்திருந்தது. பகலில் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவியது.

"நீங்களும் கோப்பை கழுவினனீங்களோ?"

"பின்னை? உம்மடை லுசேர்ண் கோப்பையைவிட நியூயோர்க் கோப்பை ஊத்தை."

ஒருநாள் அந்த நடிகை படியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டாள். நீங்கள் ஏறினீர்கள். மறுநாள் பேப்பரில் உங்கள் பெயர் வந்தது. எட்டு வருஷம் மேடை, பிறகு சினிமா. சினிமாவில் முதலில் கதாநாயகியின் தோழி. பிறகு படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் செத்துப்போகும் மனைவி. கடைசியில் உங்களைவிட இரண்டு வயது குறைந்தவனுக்குத் தாய். "பத்து நிமிசத்துக்குள்ளை சாகிறதுக்கு என்னைவிட்டால் ஆள் இல்லை" என்று சிரித்தீர்கள். ஒரு சுவிஸ் கமராக்காரரைக் கலியாணம் செய்து இந்த நாட்டுக்கு வந்தீர்கள். அவர் கண்ணை மூடினபிறகும் நீங்கள் திரும்பிப் போகவில்லை. ஏன் என்று நான் கேட்டபோது, "அங்கை எனக்கு வயசு போட்டுது. இங்கை என்னை ஒருத்தருக்கும் தெரியாது" என்றீர்கள். அது நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

இனி அந்தச் சனிக்கிழமை. இந்தக் கடிதம் அதற்காகத்தான்.

லுசேர்ணில் ஆங்கில நாடகம் போடும் சின்னக் குழு உங்களுக்கு ஒரு தனியாள் நாடகம் தந்தது. விற்றுவிட்ட வீட்டின் சாவியைக் கொடுக்கவந்த ஒரு பெண்ணின் கதை. உங்களுக்கு ஞாபகம் நழுவத் தொடங்கியிருந்தது. அடியெடுத்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். என்னைக் கேட்டீர்கள். எனக்கு நடிப்புத் தெரியாதே என்றேன்.

"நடிகரைக் கேட்டால் அடியெடுத்துக் குடுக்கேக்கையும் நடிப்பினம். நீர் அரிசி விலை சொல்லுறமாதிரிச் சொல்லுவீர். எனக்கு அதுதான் வேணும்."

கடை பூட்டிய ஞாயிற்றுக்கிழமைகளில், பின்னறையில், பள்ளிக்கூடத்தில் படித்த என் ஆங்கிலத்தைத் தூசிதட்டி, நீங்கள் தந்த பிரதியைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி. 'நான் கதவைப் பூட்டவில்லை.' ஒத்திகையில் ஒருநாளும் நீங்கள் அந்த வரிக்கு முன்னால் நிற்கவில்லை. விறுவிறென்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி கேட்பீர்கள். எனக்கும் அப்படிப் பூட்டாமல் விட்டுவந்த கதவொன்று உண்டு. அதை விடுங்கள்.

சனிக்கிழமை மேடையில் நீங்கள் அந்த வரிக்கு வந்தீர்கள். நின்றீர்கள். சாவி கையில். வாய் திறக்கவில்லை. மண்டபத்தில் இருமல்கூட இல்லை. எங்கள் ஊர்க் கூத்தில் நான் ஒரு வருஷம், கூத்துப் பழக்கும் அண்ணாவியாருக்குப் பக்கத்தில் நின்று பாட்டுக் கொப்பி பிடித்தவன். அங்கே ஆட்டக்காரன் ஒரு கணம் தடுமாறினால் அண்ணாவியார் ஊருக்கே கேட்க அடியெடுத்துப் பாடுவார். ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள். மேடையில் சத்தம் அறுந்தால்தான் அவமானம். அந்தப் பழக்கம் என் தொண்டையில் இருந்தது. மறந்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். முன்வரிசை இருட்டிலிருந்து, அரிசி விலை சொல்லும் குரலில், மண்டபம் முழுக்கக் கேட்கச் சொன்னேன்.

"நான் கதவைப் பூட்டவில்லை."

தலைகள் திரும்பின. நீங்களும் என் பக்கம் இருட்டைப் பார்த்தீர்கள். பிறகு மெல்ல அதே வரியைச் சொல்லி முடித்தீர்கள். கைதட்டினார்கள். ஆனால் வாசலில் வைத்துக் குழுவின் பொறுப்பாளர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அந்த மௌனம்தான் ஐயா முழு நாடகமும்" என்றார். இங்கத்தைய ஆட்கள் மனதில் வைத்திருக்கமாட்டார்கள், முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள்.

என் வான் வண்டியில் திரும்பி வரும்போது நீங்கள் உதட்டுச் சாயத்தைத் துடைத்துக்கொண்டு வந்தீர்கள். கோபமா என்று நான் கேட்கவில்லை. சரக்கு பழுதென்றால் உடனே கேட்டுவிடுகிறவன் நான். அன்றைக்கு நாக்கு எழவில்லை. உங்கள் கட்டடத்துக்கு முன்னால் இறங்கும்போது கேட்டீர்கள்:

"வெண்டிக்காய் எப்ப வரும்?"

"செவ்வாய்."

"அப்ப செவ்வாய் வாறன்."

செவ்வாய் நீங்கள் வரவில்லை. புதனும் வரவில்லை. "ஒருக்காப் போய்ப் பாருங்கோவன், அஞ்சு நிமிச நடைதானே" என்று சாந்தி சொன்னாள். "கோவத்திலை இருப்பா. ஆறட்டும், விடு" என்றேன். அது பொய். உங்கள் கோபத்துக்கு நான் பயப்படவில்லை. நான் கெடுத்துவிட்டேன் என்று உங்கள் வாயால் கேட்கத்தான் பயந்தேன்.

வியாழன் காலை, கட்டடத்தைப் பார்க்கும் ஹவுஸ்வார்ட் உங்கள் கதவைத் திறந்தார். வாசலுக்கு உட்பக்கம், கோட் போட்டபடி, காலில் சப்பாத்துப் போட்டபடி, கையில் கடைக்கு வரும் பையோடு கிடந்தீர்கள். செவ்வாய் காலை நடந்திருக்கும் என்றார் டொக்டர். உடனே போயிருக்கும், வேதனை இருந்திருக்காது என்றார். டொக்டர்மார் எல்லாருக்கும் அப்படித்தானே சொல்கிறார்கள், அக்கா? உடனேதானா? செவ்வாய் மத்தியானம் நான் படியேறியிருந்தால்?

உங்கள் தம்பியின் மகள் அமெரிக்காவிலிருந்து வந்து வீட்டை ஒதுக்கினாள். சாமான்கள் பழையசாமான் கடைக்குப் போயின. உங்கள் சாய்கதிரையை நான் அங்கிருந்து வாங்கிவந்து பின்னறையில் போட்டிருக்கிறேன். அதில் ஒருவரும் இருப்பதில்லை, நானும்கூட. இப்போது உங்கள் வீட்டில் புதுச் சோடியொன்று குடியிருக்கிறது. அந்தக் கட்டடத்துக்குச் சாமான் கொண்டுபோனால் லிஃப்ட் உங்கள் மாடியில் தானாக நிற்கிறது. கதவு திறக்கிறது, ஆள் இல்லை, மூடுகிறது.

கடையிலும் அப்படித்தான். செவ்வாய் காலை, நீங்கள் வரும் பத்து மணிக்கு, வாசல் மணி அடிக்கிறது. நிமிர்ந்து பார்த்தால் ஒருவரும் இல்லை. நான் பேய்க்குப் பயந்து வியாபாரம் செய்தவன் இல்லை. திருத்துகிறவனைக் கூப்பிட்டேன். எல்லாம் கழற்றிப் பார்த்துவிட்டு, ஒரு பழுதும் இல்லை என்று போனான். அடுத்த செவ்வாயும் அடித்தது. குளிர்ப்பெட்டியின் மோட்டர் நிற்கும்போது கடையில் ஒரு மௌனம் விழும். அது அந்தச் சனிக்கிழமை மௌனம்தான். எனக்கு உடனே எதையாவது சத்தமாகச் சொல்லவேண்டும்போல் இருக்கும்.

போன மாதம் ஞாயிறு பின்னேரம் தொலைக்காட்சியில் உங்கள் படம் ஒன்று போனது. முப்பத்தைந்து வயதிருக்கும் உங்களுக்கு. சமையலறையில் நின்று புருஷனோடு கதைக்கிறீர்கள், ஆனால் டொச்சில், வேறொருத்தியின் குரலில். சாந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நீங்கள் சொன்னபடியே கொஞ்ச நேரத்தில் செத்துப்போனீர்கள். அதற்கு முன்னால் யன்னலைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றீர்கள். அந்த இடத்தில் மட்டும் அவர்களால் குரல் போடமுடியவில்லை. அது முழுக்க உங்களுடையது. அப்போதுதான், சனிக்கிழமை நீங்கள் மறக்கவில்லை என்று எனக்குச் சந்தேகமறத் தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் அந்தப் பையைத் திறந்தேன். உங்கள் கையில் இருந்த பை. உள்ளே இருந்த கொப்பியில் என் பெயர் எழுதியிருக்கிறது என்று சொல்லி, தம்பியின் மகள் என்னிடம் தந்துவிட்டுப் போனது. வந்த பெட்டியைத் திறந்து பார்க்காமல் கையெழுத்துப் போடாதவன் நான். இதை மட்டும் நான்கு மாதம் மேசை லாச்சிக்குள் வைத்திருந்தேன்.

உள்ளே உங்கள் சொந்தப் பிரதி. எனக்குத் தந்தது அச்சடித்த வெறும் பிரதி. உங்களுடையதில் நிற்கவேண்டிய இடமெல்லாம் மையால் புள்ளி வைத்திருந்தீர்கள், ஓர் எண்ணுக்கு ஒரு புள்ளி. அந்த வரிக்கு முன்னால் ஒன்பது புள்ளி. கடைசி மூன்றையும், சனிக்கிழமைக்குப் பிறகு, பென்சிலால் வெட்டியிருந்தீர்கள். பக்கத்தில் அதே பென்சிலால்: 'ரத்தினம், இருட்டிலிருந்து.' அதற்குக் கீழே அந்த வரி. அதற்கும் கீழே: 'பிறகு நான்.'

நான் விழுங்கியது மூன்று புள்ளி. நீங்கள் அதைத் திருப்பிக் கேட்க வரவில்லை. அடுத்த முறைக்கு எனக்கு ஒரு பாத்திரம் எழுதிக்கொண்டு புறப்பட்டிருக்கிறீர்கள். வெண்டிக்காய் வாங்கும் சாட்டில்.

மேடையில் ஒன்பது எண்ணப் பொறுக்காதவன், உங்கள் கதவுக்கு இரண்டு நாள் பொறுத்திருந்தேன், அக்கா. பொறுக்கவேண்டிய இடத்தில் வாயைத் திறந்தேன். வாயைத் திறக்கவேண்டிய இடத்தில் பொறுத்தேன். அவ்வளவுதான் என் குற்றம். அதைக் குறைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

இப்போது கடையில் ஒரு சட்டம் வைத்திருக்கிறேன். தனியாக இருக்கும் வாடிக்கையாளர் வரவேண்டிய நாளில் வராவிட்டால், அன்றைக்கே போய்க் கதவைத் தட்டுவேன். வெள்ளிக்கிழமை பருப்பு வாங்கும் கிழவர் ஒருவர் போனவாரம் வரவில்லை. போய்த் தட்டினேன். உள்பனியனோடு கதவைத் திறந்து, "என்ன, நான் செத்துப்போனன் எண்டு பாக்க வந்தனீரோ?" என்று சீறினார். ஓம் என்றேன். கதவை அகலத் திறந்து, உள்ளே வாரும் என்றார்.

வரும் கார்த்திகையில் குழு அந்த நாடகத்தை உங்கள் நினைவாகத் திரும்பப் போடுகிறது. வேறு நடிகை. உங்கள் பென்சில் எழுத்தைப் பொறுப்பாளருக்குக் காட்டினேன். வாசித்துவிட்டுக் கொப்பியைத் திருப்பித் தந்தார். "அப்ப முன்வரிசையிலை உங்களுக்கு ஓர் இடம்" என்றார்.

வருவேன், அக்கா. இருட்டில் இருப்பேன். ஆறு புள்ளியையும் ஒன்றும் குறையாமல் எண்ணி, பிறகுதான் வாயைத் திறப்பேன். ஆனால் பூட்டிய கதவுக்கு முன்னால், இனி ஒன்றுகூட எண்ணமாட்டேன்.

வெண்டிக்காய் நுனியை முறிக்காமல் வைத்திருக்கும்,
உங்கள் தம்பி
ரத்தினம்