போணி ஆகும்வரை

அப்பா,

இன்று காலை மாடியில் துணி காயப்போட்டபோது கொடிக்கயிற்றின் நைலான் இழை விரலில் குத்தியது. வெயிலிலும் உப்புக்காற்றிலும் அதன் நீலம் வெளுத்துவிட்டது. மாற்றிவிடலாம் என்கிறார் இவர். நான் அதிலேயே அடுத்த துணியை விரித்தேன்.

மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் உங்கள் கயிற்றுக்கடை. புதுப் படகு இறக்குகிறவர்கள் அன்றைய போணியாக, முதல் கயிற்றை உங்கள் கையால் வாங்க விடியுமுன்பே வந்து நிற்பார்கள். "அண்ணாச்சி கை ராசியான கை" என்பார்கள். அம்மா போன பிறகு, கத்தி பிடிக்கையில் உங்கள் விரல்கள் நடுங்கத் தொடங்கிய பிறகு, அவர்களில் ஒருவர் பிடரியைச் சொறிந்துகொண்டே சொன்னார்: "கோவிச்சுக்கிடாதிய அண்ணாச்சி. புதுப் போட்டு எறக்குதோம். தம்பி கையால அறுத்துத் தரட்டும்."

"அதுக்கென்னடே, தாராளமா" என்று சிரித்தீர்கள். கத்தியை அண்ணனிடம் நீட்டினீர்கள்.

மறுநாளிலிருந்து கடை திறந்ததும் எதிர்ப்பக்க டீக்கடை பெஞ்சுக்குப் போய்விடுவீர்கள். முதல் வியாபாரம் முடிந்ததும் சாலையைக் கடந்து வந்து, "போணி ஆயிட்டாடே?" என்று வாசலில் நின்று கேட்பீர்கள். அதற்குப் பிறகுதான் உள்ளே கால் வைப்பீர்கள், உங்கள் கடைக்குள். போங்கள் என்று யாரும் சொல்லவில்லை. இருங்கள் என்றும் சொல்லவில்லை.

ஒருநாள் வேண்டுமென்றே விடியற்காலையில் வந்தேன்.

"அப்பா, கொடி கட்டக் கயிறு வேணும். இன்னிக்கு நாந்தான் போணி. நீங்கதான் அறுத்துத் தரணும்."

"பொறுளா. வேற யாராவது வரட்டும்."

"எனக்கு அதெல்லாம் கெடையாதுப்பா."

"பிள்ளைய உள்ள வீடு. ஒனக்கு எதுக்குளா இந்தக் கை?"

ஊரார் சொன்னதை எப்படியோ தாங்கிக்கொண்டேன். நீங்களே அதை நம்பிவிட்டதுதான் தாங்கவில்லை. யாரோ வந்து வாங்கிப் போகும்வரை இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பிறகு இந்தக் கயிற்றை அறுத்து, இழை பிரியாதிருக்க நுனியைத் தீக்குச்சியால் சுட்டுத் தந்தீர்கள்.

நீங்களும் போய்விட்டீர்கள். நம் தெருவில் இப்போது பெரும்பாலும் வயதானவர்கள்தான். பிள்ளைகள் துபாயிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். கல்யாண வீடுகளிலிருந்து இவர்களுக்குச் சாப்பாடு பார்சலாக வந்துவிடுகிறது. "கூட்டத்துல வந்து எதுக்குச் சிரமப்படுதிய?" என்கிறார்கள். இவர்களும் தலையாட்டி வாங்கிக்கொள்கிறார்கள். அப்போதெல்லாம் உங்கள் சிரிப்பு ஞாபகம் வருகிறது.

எனக்கும் நரைக்கத் தொடங்கிவிட்டது, அப்பா. காலையில் கடைப்பக்கம் போனால் என் கால் வாசலிலேயே நின்றுவிடுகிறது. "போணி ஆயிட்டாண்ணே?" என்று கேட்கிறேன். ஆகவில்லையென்றால் எதிர்ப்பக்க பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

அண்ணன் கூப்பிடுவதில்லை.