லொத்தர் விசாவுக்கு ஒரு அளவுக் கொப்பி

மே 12, 1997. திங்கள். காலை முழுக்க மழை.

துரை, இது உங்கள் அம்மா மட்டும் கூப்பிட்ட பெயர். நீங்கள் இருந்தபோது நான் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. இங்கே எழுதினால் யார் கேட்கப் போகிறார்கள்.

அமெரிக்க விசா அலுவலகத்துக்குப் போய் வந்தேன். போன வருடம், அமெரிக்கா குலுக்கிப் போட்டு விசா கொடுக்கிற அந்த லொத்தருக்கு, நம் இருவர் பெயரிலும் ஆளுக்கொன்றாக விண்ணப்பம் போட்டீர்கள். என்னுடையதுதான் விழுந்தது. தை மாதம் நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள். நியூ ஜெர்சியில் மகள் சுமதி கைக்குழந்தையோடு காத்திருக்கிறாள். இனி நான் தனியாகத்தான் போக வேண்டும்.

அதிகாரி இளம் பெண். நல்ல மரியாதை. அடுத்த வீட்டு மலேசியாக்காரர் கிரேஸ் ரீச்சர் மொழிபெயர்த்தார். சட்டம் இதுதான்: பன்னிரண்டு வருடம் படித்திருக்க வேண்டும். இல்லையென்றால், இரண்டு வருடமாவது பழக வேண்டிய ஒரு தொழிலை, கடைசி ஐந்து வருடத்துக்குள் இரண்டு வருடம் செய்திருக்க வேண்டும். நான் எட்டாம் வகுப்பு. தையல் என்றேன். அவள் ஒரு தாளைத் திருப்பிக் காட்டினாள். நாம் வந்து குடியிருக்கும் இந்த நாட்டின் நிரந்தர விசாவுக்கு 95இல் நீங்கள் நிரப்பிய படிவத்தின் பிரதி, நானே மற்றக் கடதாசிகளோடு கொடுத்தது. என் தொழில் என்ற இடத்தில்: இல்லத்தரசி.

ஆதாரம் கொடுக்க 27ஆம் திகதி வரை தவணை. போதும்.

குடையை பஸ்ஸில் விட்டுவிட்டேன்.

மே 14. புதன். வெயில், ஆனால் குளிர்.

தையல் கடை மார்கரெட் உடனே கடிதம் தந்தார். அங்கே நான் வேலைக்குச் சேர்ந்து பதினான்கு மாதம்தான். பத்து மாதம் குறைகிறது. அதற்கு என் அளவுக் கொப்பி இருக்கிறது. 94இலிருந்து வீட்டில் தைத்த ஒவ்வொரு சேலைச் சட்டையும், திகதி, பெயர், அளவோடு.

ரீச்சர் புரட்டிப் பார்த்தார்.

"அக்கா, இதுல எல்லாரோட மார்பளவும் இருக்கே! இதையா வெள்ளைக்காரிகிட்ட காட்டப் போறீங்க?"

"அதுதானே ஆதாரம்."

"அவங்கள ஒரு வார்த்தை கேட்டுட்டுக் காட்டுங்க. இல்லன்னா உங்கள உயிரோட விட மாட்டாங்க."

சரிதான். நான் யோசிக்கவே இல்லை.

செய்ய வேண்டியவை: பெண்களின் சம்மதம், கையெழுத்து. ரீச்சரின் மொழிபெயர்ப்பு. யாழ்ப்பாணத்தில் இரண்டு வருடம் பழகிய தையல் வகுப்புச் சான்றிதழ் (நீலப் பெட்டி). உங்கள் மரணச் சான்றிதழ், 2 பிரதி. மெஷின் ஊசி.

உங்கள் கம்பளிச் சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. ஊருக்கெல்லாம் தைக்கிற கைக்கு அது மட்டும் வரவில்லை.

மே 17. சனி.

வாடகை மண்டபத்தில் நம் ஆட்களின் பூசை. கொப்பியில் உள்ள பெண்களைச் சாப்பாட்டு வரிசையில் வைத்தே கேட்டேன்.

திலகாக்கா: "என்ர இடுப்பளவு அமெரிக்காவுக்குப் போகுதோ? எனக்கே விசா இல்லையடி!"

வதனி: "கொப்பியில எனக்கு முப்பத்தாறு எண்டுதானே கிடக்கு? அப்ப வடிவாக் காட்டுங்கோ அக்கா. இப்ப அளந்தால்தான் வெக்கம்."

புனிதமக்கா மட்டும் பேனையை வாங்கவில்லை. "துரைராசா இருந்தா, மனிசி தையல்காரி எண்டு ஊரெல்லாம் கையெழுத்து வாங்க விட்டிருப்பாரோ?"

"விட்டிருக்கமாட்டார் அக்கா. அதாலதான் இப்ப வாங்க வேண்டிக் கிடக்கு."

முகம் ஒரு மாதிரிப் போனது. பிறகு போட்டார், எல்லாரையும் விடப் பெரிய கையெழுத்து.

மொத்தம் பதினொன்று. மிஞ்சின புட்டும் கட்டித் தந்தார்கள்.

மே 27. செவ்வாய். பேய்க்காற்று.

அதே பெண். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். கடதாசியில் வெட்டிய அச்சு வைக்காமல் துணியை எப்படி வெட்டுவீர்கள் என்றாள். அவள் தோளைக் கண்ணாலேயே அளந்து, பதினான்கரை அங்குலம் என்றேன். சிரித்துவிட்டாள்.

பிறகு கேட்டாள்: இவ்வளவு தைத்திருக்கிறீர்கள், கணவர் ஏன் அப்படி எழுதினார்? ரீச்சர் அதைத் தமிழில் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எங்கட ஆக்கள் அப்பிடித்தான் எழுதுவினம். வீட்டில இருந்து உழைச்சால் அது சும்மா இருக்கிறதுதான்."

அவள் எழுதிக்கொண்டாள். முத்திரை குத்தினாள். விசா அடுத்த கிழமை.

சுமதிக்குப் போன். அவள் அழுதாள். நான் அழவில்லை. பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. நீங்கள் அந்தப் படிவத்தை நிரப்பியது மெஷினுக்குப் பக்கத்தில் இருந்து. நான் தைத்துக்கொண்டிருந்தேன், சத்தத்தைக் குறை என்றுகூடச் சொன்னீர்கள். அப்படி எழுதியது நான் தைப்பது உங்களுக்கு வெட்கமாக இருந்ததாலா, துரை, இல்லை, கூலிக்குத் தைக்கிறவள் என்று என்னை யாரும் இளக்காரமாகச் சொல்லிவிடக் கூடாது என்றா?