உப்பை விட்ட உப்பளத்துக்காரன்

இன்று மதியம் ஆபீசில் டிபன் கேரியரைத் திறந்தேன். மோர்ச்சோற்றின் ஓரத்தில் நாலு கல் உப்பு. நான் கேட்காமலே மனைவி வைத்துவிடுகிறாள். ஆறு வருடப் பழக்கம். எதிரே உன் இடம் காலி.

எழுபத்து மூன்றில் நம் உப்பளத்து மேனேஜர் வேலை உனக்குப் போயிற்று. நான் பி.ஏ.; உனக்கு நாலு வருடம் முன்னால் சேர்ந்தவன். நீ எஸ்.எஸ்.எல்.சி. முதலாளிக்கு உன்னைப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். அந்த நாற்காலி எனக்கு வந்திருக்க வேண்டியது. நீ போய்விட்டாய் என்பதற்காக இதை மாற்றிச் சொல்ல மாட்டேன்.

அந்தக் கோபம் நெஞ்செரிச்சலாக வந்து நின்றது. தூக்கம் போயிற்று. பாண்டிச்சேரிக்குப் போய் ஓர் ஆயுர்வேதப் புத்தகம் வாங்கிவந்து, என்னுடையது பித்த உடம்பு என்று நானே முடிவு கட்டினேன். விடியுமுன் எழுந்தேன், வெந்நீர் குடித்தேன், உள்ளங்காலில் எண்ணெய் தேய்த்தேன். உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தது. நான் அடியோடு விட்டேன். சாப்பிடும்போது பேசக்கூடாது என்றும் இருந்தது. எனக்கு மிகவும் பிடித்த விதி அதுதான். உன்னோடு பேசாமலிருக்க ஒரு சாஸ்திரமே கிடைத்துவிட்டது.

"ஏம்பா, கொழம்பு கொஞ்சம் போட்டுக்கிறியா?" என்பாய். நான் புத்தகத்தைத் தட்டிக் காட்டுவேன்.

சித்திரை வெயில். வேர்வை ஊற்ற, வரப்பில் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், பத்தாம் நாள் தலை சுற்றிப் பாத்திக்குள் விழுந்தேன். நீ ஓடிவந்து நீராகாரத்தில் உப்பைக் கரைத்து என் வாயில் ஊற்றினாய்.

"என்னா சார் ஆச்சு இவருக்கு?" என்றாள் உப்பு வாரும் பெண் ஒருத்தி.

"உப்ப உட்டுட்டாராம்மா."

"அட, அப்ப நாங்க வாரிக் கொட்றதெல்லாம் யாருக்குங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் என் புத்தகத்தை வாங்கிப்போனாய்.

மறுநாள் ஒரு தாளில் எனக்கென்று எழுதிவந்தாய். "புக்கு எழுதுனவன் நெழல்ல உக்காந்து எழுதியிருக்கான். நீ வெயில்ல நிக்கிற. உன் உடம்புக்கும் நம்ம ஊருக்கும் தோதா மாத்திக்கடா." வெந்நீர் அப்படியே இருந்தது. எண்ணெயை, பாத்தியிலிருந்து ஏறிக் கால் கழுவிய பிறகு என்று மாற்றியிருந்தாய். மோரில் உப்பு, பன்னிரண்டு மணிக்குத் தவறாமல் சோறு. கடைசி வரி, சாப்பிடும்போது பேசக்கூடாது.

"இத மட்டும் ஏன் மாத்தல?" என்றேன்.

"இருக்கட்டும். உனக்கு அது வேணும்."

மேனேஜருக்குத் தனி அறை இருந்தது. ஒரு நாளும் நீ அங்கே சாப்பிட்டதில்லை. பன்னிரண்டு அடித்தால் கேரியரைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு வருவாய். அந்தத் தாளுக்குப் பிறகு ஆறு வருடம் எதிரெதிரே, ஒரு சொல் இல்லாமல். என் நெஞ்செரிச்சல் தணிந்தது வெந்நீராலா, இதனாலா என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

போன மாதம் மாரடைப்பில் போனாய். நாற்காலியை எனக்குக் கொடுத்தார்கள், அறையோடு. காலையில் வெந்நீர் குடிக்கிறேன், சாயங்காலம் கால் கழுவி எண்ணெய் தேய்க்கிறேன். பன்னிரண்டு மணிக்குக் கேரியரைத் தூக்கிக்கொண்டு பழைய மேஜைக்கே வந்துவிடுகிறேன்.

இன்று உப்பைத் தொட்டுக்கொண்டு எதிரே பார்த்தேன். "கொழம்பு கொஞ்சம் போடேன்" என்றேன். பக்கத்து மேஜை குமாஸ்தா நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.