தலையணையோடதான் வருவேன்

கோவக்காரிக்கு,

தலையணையோட வந்தா ஏர்போர்ட்டுக்கே வரமாட்டேன்னு போன்ல கத்துனியே, கத்திக்கோ. மக வீட்டுக்குப் போனதுலேருந்து நீ சரியாத் தூங்கலைன்னு மாப்பிள்ளை போட்டுக் கொடுத்துட்டார்.

பெட்டியில உன் தலையணை உட்கார்ந்ததும் என் துணிக்கு இடமில்லை. அதனால நாலு சட்டையை ஒண்ணு மேல ஒண்ணா மாட்டிக்கிட்டு அடுத்த மாசம் விமானம் ஏறப்போறேன். நேத்து ஒத்திகை பார்த்தேன், கை மடங்கவே இல்லை. ஜெர்மன்ல காலை வணக்கம் மட்டும் பழகியிருக்கேன். ராத்திரி இறங்கினாலும் அதையேதான் சொல்லுவேன்.

நான் இங்க நல்லாத் தூங்குறேனாக்கும். உன் தலையணை என்கிட்டதானே இருக்கு.

நிஜமாவே வராம இருந்துடாதே. அந்த ஊர்ல உன் முகத்தைத் தவிர எனக்கு எதையும் படிக்கத் தெரியாது.

என்ன, சிரிப்பை அடக்கிக்கிட்டு எழுந்து போறியா? நில்லுடி, இன்னும் முடிக்கலை.

இப்படிக்கு,
நாலு சட்டைக்காரன்