மிதிவண்டி உலாவின் வால் தரும் மனு

அனுப்புநர்:
மேற்பார்வையாளர்,
மருத்துவமனைச் சலவைப் பிரிவு.
(வீடு: கால்வாய்க்கரைக் குடியிருப்பு, இரண்டாம் மாடி)

பெறுநர்:
மிதிவண்டிப் போக்குவரத்து அலுவலர் அவர்கள்,
மாநகராட்சி அலுவலகம்.

பொருள்: ஞாயிறு காலை மிதிவண்டி உலா நிறுத்தப்பட்டது – அதற்குக் காரணமாகக் காட்டப்பட்ட பெண்மணி நானே – உலாவை மீண்டும் நடத்த அனுமதி கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. என் மகன் இணையத்தில் அளித்த புகார். 2. அதன்மேல் தாங்கள் பிறப்பித்த ஆணை.

மதிப்பிற்குரிய அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். பார்வை ஒன்றில் கண்ட புகார் என்னைப் பற்றியது. ஆனால் என்னைக் கேட்டு எழுதப்பட்டதல்ல. எனவே அந்தப் புகாரின் மீது ஒரு புகாராக இம்மனுவைத் தங்கள் மேலான பார்வைக்குப் பணிவுடன் வைக்கிறேன்.

1. நான் இந்த ஊரிலேயே பிறந்தவள். ஆயினும் சென்ற ஆண்டு வரை ஊரைப் பார்த்தவள் என்று சொல்லிக்கொள்ள முடியாது. முதலில் அண்ணன் வண்டியின் பின் இருக்கை, பிறகு கணவர் வண்டியின் பின் இருக்கை, அவர் மறைந்தபின் மகன் வண்டியின் பின் இருக்கை என்றே என் போக்குவரத்து நடந்தது. மூவரின் முதுகையும் நன்கு அறிவேன். மூவரும் பத்திரமாகவே கொண்டுபோய் விட்டார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எந்தத் தெரு எங்கே திரும்புகிறது என்பது மட்டும் எனக்குத் தெரியாமலேயே போயிற்று.

2. தங்கள் துறை நடத்தும் உலாவைப் பற்றி மருத்துவமனை அறிவிப்புப் பலகையில் பார்த்துச் சேர்ந்தேன். "பொறந்த ஊரச் சுத்திப் பாக்க வழிகாட்டியா? நல்லா இருக்கு போங்க அண்ணி" என்று என் நாத்தனார் சிரித்தார். அதே நாத்தனாருக்கு, அவர் தினமும் பால் வாங்கும் கடைக்குப் பின்னால் ரயில் பெட்டிகளுக்குச் சாயம் பூசும் பட்டறை இருப்பதைச் சொன்னது நான்தான். அச்சகத் தெரு, நாற்றுப் பண்ணை, பழைய தண்ணீர்த் தொட்டி என எல்லாவற்றையும் வெளியூர் விருந்தினர்களோடு சேர்ந்து வாய் பிளந்து பார்த்தேன். அவர்கள் என்னை வெளியூர்க்காரி என்றே நினைத்துக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை.

3. உலாவின் வழிகாட்டியைத் தாங்கள் ஆணையில் 'ஒப்பந்தப் பணியாளர்' என்று குறிப்பிட்டுள்ளீர்கள். கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் எங்களுக்கு அவர் விசில். மிதிவண்டியே ஓட்டத் தெரியாமல் வந்த என்னைக் காலியான சந்தைத் திடலில் சனிக்கிழமை தோறும் ஓட்டிப் பழக்கியவரும் அவரே. நான் விழுந்தபோதெல்லாம், "அக்கா, தரையப் பாக்காதீங்க. தரை எங்கயும் போகாது" என்பார். அவருக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடனை மனுவின் நடையில் எழுதத் தெரியவில்லை.

4. நடந்ததை விளக்க உலாவின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் விசிலுக்கு அடுத்து வருபவர் நின்று, திரும்பும் பக்கம் கையை நீட்டிக் காட்ட வேண்டும். இதற்கு மூலை நிற்பது என்று பெயர். கடைசியில் வருபவர் வால். வால் யாரையும் முந்தக் கூடாது. ஆரஞ்சு மேலங்கி அணிந்த வால் கடந்த பின்னரே மூலை நிற்பவர் அந்த இடத்தை விட்டு நகரலாம். இந்த ஏற்பாட்டால் எவ்வளவு மெதுவாக ஓட்டுபவரும் பின்தங்கிப் போனதில்லை. சம்பவ நாளன்று வாலாக என்னை நியமித்தார்கள். பதவி உயர்வு கிடைத்த அன்றுகூட நான் அவ்வளவு மகிழ்ந்ததில்லை.

5. தீயணைப்பு நிலையத்தை நெருங்கும் முன் என் வண்டியின் சங்கிலி கழன்றது. எனக்குப் பின்னால் யாரும் இல்லாததால் யாரும் பார்க்கவில்லை. தீயணைப்பு நிலையத் திருப்பத்தில் மூலை நின்றவர் ஒரு பல் மருத்துவர். அச்சமயம் ஆரஞ்சு மேலங்கியுடன் ஒருவர் மிதிவண்டியில் அவரைக் கடந்து சென்றார். வால் போய்விட்டது என்று மருத்துவரும் கிளம்பிவிட்டார். கடந்து சென்றவர் தங்கள் மாநகராட்சியின் துப்புரவுப் பணியாளர். அவர் பணிக்குப் போய்க்கொண்டிருந்தார். இரு மேலங்கிகளும் ஒரே கடைச் சரக்கு என்பதைத் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவருகிறேன்.

6. சங்கிலியை மாட்டிவிட்டு நான் வந்தபோது திருப்பத்தில் யாரும் இல்லை. கைப்பேசியும் வீட்டுச் சாவியும் விசிலின் வண்டிக் கூடையில் இருந்தன. உள்ளதைச் சொல்கிறேன், அழுகை வந்துவிட்டது. துடைக்கலாம் என்றால் கையெல்லாம் கிரீஸ். கறை நீக்குவதையே தொழிலாகக் கொண்ட எனக்கு அதைப் பார்த்ததும் சிரிப்பும் வந்தது.

7. அப்போதுதான் சாலையில் மிதிவண்டிகளுக்கென்று தாங்கள் போட்டுவைத்த நீலக் கோடு கண்ணில் பட்டது. ஐயா, அந்தக் கோட்டைப் போட்டவர் யார் என்று எனக்குத் தெரியாது. அவர் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும். பேப்பர்க் கடைப் பெண்மணியிடம் கால்வாய்க்கரைக்கு வழி கேட்டேன். "கோட்ட விடாமப் போங்க, பாலம் வரும்" என்றார். பாலத்துப் படியில் சக்கரம் உருட்டிச் செல்லத் தனியாகப் பள்ளம் வைத்திருக்கிறீர்கள். சிக்னலில் கால் ஊன்றக் கம்பி வைத்திருக்கிறீர்கள். பொத்தானை அழுத்தினேன். பேருந்து உட்பட எல்லா வண்டிகளும் எனக்காக நின்றன. எனக்காக எதுவும் அப்படி நின்றதில்லை.

8. பாலத்துக்கு அப்பால் அதே துப்புரவுப் பணியாளரைக் கண்டேன். என் மேலங்கியைப் பார்த்து, "எந்தப் பக்கம்மா டூட்டி?" என்றார். சலவைப் பிரிவு என்றேன். அது எங்கே இருக்கிறது என்று யோசித்தபடியே கால்வாய் வரை கூட வந்து விட்டுப் போனார். அவருக்கும் என் நன்றி.

9. இதற்கிடையே விசிலும் மற்றவர்களும் வந்த வழியே திரும்பிச் சென்று என்னைத் தேடியிருக்கிறார்கள். என் மகனுக்கும் அவர்களே தகவல் சொன்னார்கள். அவன் காரில் தேடியிருக்கிறான். நான் வந்த பாதையில் கார் நுழைய முடியாது. பயத்தில் நின்ற இடத்திலிருந்தே புகாரை அனுப்பிவிட்டான். பெற்றவள் என்ற முறையில் அவன் பயம் எனக்குப் புரிகிறது. அவன் வீடு வந்தபோது நான் பக்கத்து வீட்டுக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தேன். "எங்கம்மா போன?" என்றான். "வீட்டுக்கு" என்றேன். அவன் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டான்.

10. மறுநாள் அவனே புகாரைத் திரும்பப் பெற முயன்றான். ஏற்கப்பட்ட புகாரைத் திரும்பப் பெற இயலாது என்று பதில் வந்தது. தொடர்ந்து தங்கள் ஆணையும் வந்தது. அதன்படி உலா நிறுத்தப்பட்டது, விசில் பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார். இனி உலா நடந்தாலும் ஐம்பது வயது கடந்த பெண்கள் குடும்பத்தினர் ஒருவர் துணையுடன் மட்டுமே வரலாம் என்றும் அதில் உள்ளது. அதைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை. நான் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்று தாங்கள் நினைத்ததற்கு நன்றி. ஆனால் இந்த நிபந்தனை என்னைத் திரும்பவும் பின் இருக்கையில் ஏற்றிவிடும் ஐயா.

11. புகாரில் 'என் தாயாருக்கு வழி தெரியாது' என்று ஒரு வரி உண்டு. எழுதிய நாளில், என் மகனுக்குத் தெரிந்தவரை, அது உண்மை. அவன் அதை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் நான் பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தேன். எனவே விசாரணையில் அந்த வரியைச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

12. பல் மருத்துவர் மீது எந்த நடவடிக்கையும் வேண்டாம். சென்ற வாரம் பல் அடைக்கப் போயிருந்தபோது வேலை முடியும் வரை மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார். என் வாய் திறந்திருந்ததால் மன்னித்துவிட்டேன் என்று சொல்ல முடியவில்லை. அதை இம்மனுவின் வாயிலாகப் பதிவு செய்கிறேன்.

ஆகவே, விசிலைப் பணியில் மீண்டும் அமர்த்தவும், துணை குறித்த நிபந்தனையை நீக்கவும், உலாவை அடுத்த வார ஞாயிறு முதல் நடத்தவும் ஆணையிடுமாறு வேண்டுகிறேன். வாலின் மேலங்கிக்கு மட்டும் வேறு நிறம் தாருங்கள். ஊதா நல்ல நிறம், எளிதில் வெளுக்காது. இதை என் தொழில் அனுபவத்தில் சொல்கிறேன். மேலும், தங்கள் ஆணையில் என் பெயருக்கு நேராகக் 'காணாமல் போனவர்' என்று எழுதியிருக்கிறது. அதை அடித்துவிட்டுத் 'தானே வீடு வந்து சேர்ந்தவர்' என்று திருத்தித் தர வேண்டும்.

இம்மனுவின் நகலை மட்டும் என் மகன் இன்றே இணையத்தில் அனுப்புகிறான், கையொப்பமிட்ட மனுவைத் தபாலில் அனுப்பவில்லை. திங்கட்கிழமை காலை நேரில் கொண்டுவருகிறேன். தங்கள் அலுவலகத்துக்கு நான் வருவது இதுவே முதல் முறை. மிதிவண்டியை எங்கே நிறுத்துவது என்பதை மட்டும் வாயிற்காவலரிடம் சொல்லிவைத்தால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இடம்: கால்வாய்க்கரை
நாள்: வெள்ளிக்கிழமை

நன்றியுடன்,
(கையொப்பம்)
மேற்பார்வையாளர், சலவைப் பிரிவு
மற்றும் வால், ஞாயிறு மிதிவண்டி உலா